வேடந்தாங்கலுக்கு ஞாயிறு சைக்கிள்: கேள்வி பதில்

எங்கள் கிளப் ஞாயிறு காலை செங்கல்பட்டில் கூடி, சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குச் சைக்கிளில் போய் மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடும். பந்தயம் கிடையாது. நான் பன்னிரண்டு வருடமாகக் கடைசி வண்டி. அதாவது, எனக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. தை மாதப் பயணம் வேடந்தாங்கலுக்கு என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்ததற்குப் பதில் சொல்கிறேன்.

பள்ளிக்கூடம் முடித்த பிறகு சைக்கிளைத் தொட்டதில்லை. வயது 41. போக வர 60 கிலோமீட்டர் முடியுமா?

முடியும். ஆனால் வருகிற ஞாயிறே வேண்டாம். முதல் வாரம் 15, அடுத்து 25, அப்புறம் 40 என்று ஏற்றிக்கொண்டு வாருங்கள். காலைவிட உட்காரும் இடம்தான் முதலில் வலிக்கும், இரண்டு வாரத்தில் பழகிவிடும். நாங்கள் போவது மணிக்கு 18 கிலோமீட்டர் சுமாருக்கு. பக்கத்தில் வருபவரிடம் மாமியார் கதையை மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் அதுதான் சரியான வேகம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடியுங்கள். திரும்பும் வழியில் உப்புப் போட்ட மோர் கிடைத்தால் விடாதீர்கள்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். தையில் அறுவடை. கிராமத்துச் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும். அதன் மேல் சக்கரத்தை ஏற்றாதீர்கள்.

30,000 ரூபாய்க்குள் என்ன சைக்கிள் வாங்கலாம்?

கடைக்குப் போய் உங்கள் உயரத்துக்குப் பொருந்தும் ஹைபிரிட் (நேரான கைப்பிடி, நடுத்தர டயர் வைத்த சைக்கிள்) ஒன்றை ஓட்டிப் பாருங்கள். முன்னால் ஷாக் அப்சார்பர் வைத்த மலிவு வண்டி வேண்டாம், எடைதான் மிஞ்சும். மிச்சக் காசில் ஹெல்மெட்டும் பின்விளக்கும் வாங்குங்கள்.

வழியில் பஞ்சரானால் யார் ஒட்டுவார்கள்?

நீங்கள்தான். நான் பக்கத்தில் நிற்பேன்.

இந்தப் பக்கம் ஆணியைவிடப் பெரிய எதிரி சீமைக் கருவேல முள். வேலிக்கு வெட்டிப் போட்டதில் நாலு முள் சாலைக்கு வந்துவிடும். போன வருடம் ஒருவருக்கு ஒரே காலையில் மூன்று பஞ்சர். ஒவ்வொரு முறையும் டியூபை மாற்றிக் காற்றடித்துக் கிளம்பினார். மூன்றாவது முறை டயரை வாங்கி உள்பக்கம் கைக்குட்டையை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் துணி மாட்டியது. எள்ளளவு முள் நுனி, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. மூன்று டியூபையும் குத்தியது அந்த ஒரே முள்தான்.

அதனால் டியூபைக் கழற்றியதும் கொஞ்சம் காற்றடித்து ஓட்டை எங்கே என்று பாருங்கள். வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளி என்று கணக்கு வைத்து, டயரில் அதே இடத்தைத் தேடுங்கள். முள்ளை எடுத்த பிறகுதான் ஒட்டும் வேலை. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுத் துண்டை அழுத்துவதால்தான் பாதி ஒட்டு பிய்த்துக்கொள்கிறது.

உங்கள் வண்டியில் ஒல்லி வால்வு இருந்தால் ஊர்க் கடை பம்ப் பொருந்தாது. பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருக்கட்டும்.

50,000 ரூபாய் பட்ஜெட். எந்த சைக்கிள்?

முன்பு சொன்னதேதான். மிச்சம் 20,000 உங்களிடமே இருக்கட்டும்.

பெண்கள் வரலாமா? நேராகவே கேட்கிறேன், கழிப்பறைக்கு என்ன வழி?

நேராகக் கேட்டதற்கு நன்றி. நாங்கள் ஆண்களாகவே போய்க்கொண்டிருந்த காலத்தில் இதை யோசித்ததே இல்லை. எங்கள் கிளப்பின் அக்கா ஒருவர்தான் ஒழுங்குபடுத்தினார். இப்போது எந்தப் பாதையானாலும் முந்தைய வாரமே அவர் பைக்கில் போய், பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை திறந்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு வருவார். நிற்கும் இடங்களை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம், டீக்கடையை வைத்து அல்ல. வாருங்கள்.

அப்பாவின் பழைய கறுப்பு சைக்கிள் இருக்கிறது. கியர் கிடையாது. அதில் வந்தால் சிரிப்பீர்களா?

சிரிக்க மாட்டோம், ஆளுக்கு ஒரு ரவுண்டு கேட்போம்.

கணக்கைப் பாருங்கள். அந்த மாதிரி வண்டியில் பெரும்பாலும் செயின் ஓடும் பல்சக்கரத்தில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல், சக்கரம் 28 அங்குலம். பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய 5.4 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று நிதானமான மிதி. அதிலேயே மணிக்கு 19 கிலோமீட்டர் வந்துவிடும். எங்கள் வேகமே அவ்வளவுதான். போகிற வழியில் மலையும் இல்லை. எடை 20 கிலோவைத் தாண்டும், கிளம்பும்போது மட்டும் கொஞ்சம் கனம் தெரியும்.

பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றுங்கள். இரும்பு ரிம் நனைந்தால் ராட் பிரேக் சரியாகப் பிடிக்காது. வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வால் டியூபையும் மாற்றிவிடுங்கள், அது நாள்பட்டால் வெடித்துக் காற்றை விட்டுவிடும்.

நான் ரோடு பைக் (ஒல்லி டயர் கியர் சைக்கிள்) வைத்திருப்பவன். கியர் இல்லாத வண்டிகளைச் சேர்த்தால் மற்றவர்கள் காத்துக்கொண்டே இருக்க வேண்டும். கியர்தானே வேகம்?

இல்லை சார். கியர் சக்தி கொடுக்காது. உங்கள் காலில் இருக்கும் சக்தியை வசதியான மிதியில் செலவழிக்க வழி செய்யும், அவ்வளவுதான். சமதரையில் வேகத்தைத் தின்பது காற்று. 18லிருந்து 27க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்கு. காற்றைக் கிழிக்க மட்டும் ஆகும் சக்தியோ மூன்று மடங்குக்கு மேல். குழுவாகப் போகும்போது அந்தச் சக்தி யாருக்கும் தேவையில்லை, ஏனென்றால் அந்த வேகத்தில் போகப்போவதில்லை. காத்திருக்க வேண்டியிருந்தால் காத்திருப்போம். அதற்குத்தான் டீக்கடை.

பட்ஜெட் 25,000. எந்த…

மேலே இரண்டு முறை சொல்லியிருக்கிறேன்.

நாய் துரத்தினால்?

வேகமாக மிதித்தால் அதுவும் வேகமாக ஓடிவரும். இறங்கி நின்று, வண்டியை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். முக்கால்வாசி நாய்களுக்கு நின்ற வண்டியில் அக்கறை இல்லை. கடித்துவிட்டால் சோப்பு போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி. பயணம் அத்துடன் முடிந்தது.

முழங்கால் முன்பக்கம் வலிக்கிறது.

சீட் தாழ்வாக இருக்கும். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழ்வரை கொண்டுபோனால் கால் நேராக நீள வேண்டும். அதற்குப் பிறகும் வலித்தால் டாக்டர்.

ரோடு பைக்காரன்தான் மறுபடியும். உங்கள் கணக்கு காகிதத்தில் சரி. திரும்பி வரும்போது வாடைக்காற்று முகத்தில் அடிக்குமே, அப்போது?

இது நல்ல அடி. ஒப்புக்கொள்கிறேன்.

தையில் வடகிழக்குக் காற்று. வேடந்தாங்கலுக்குப் போகும்போது முதுகைத் தள்ளும், எல்லோரும் தன்னை வீரன் என்று நினைத்துக்கொள்வார்கள். திரும்பும்போது அதே காற்று எதிரில். வேகம் 12க்கு இறங்கினால் அந்தக் கறுப்பு வண்டியில் மிதி நிமிடத்துக்கு 37 சுற்றுதான். ஒவ்வொரு மிதியும் படிக்கட்டு ஏறுவது மாதிரி, முழங்கால் வாங்கிக்கொள்ளும். கியர் வண்டிக்காரர் அதே 12இல் சின்ன கியர் போட்டு லேசாகச் சுற்றிக்கொண்டு வருவார். கியரின் பயன் வேகத்தில் இல்லை, இந்த மாதிரி நேரத்தில்தான்.

இருந்தாலும் வழி உண்டு. பின்னால் 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றி 22 பல் போடச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 70 சுற்றில் மணிக்கு 18 கிலோமீட்டருக்கு மேல் கிடைக்கும், எதிர்க்காற்றில் காலும் பிழைக்கும். இன்னொன்று, ரோடு பைக் வைத்திருப்பவர்கள் திரும்பும்போது முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்ளலாம். ஒரு சக்கர அளவு பின்னால் ஒட்டி வருபவருக்கு வேலை நன்றாகவே குறையும். நீங்கள் வருகிறீர்களா சார்?

எங்கள் தாத்தா அதே சைக்கிளில் இரண்டு மூட்டை நெல் வைத்து…

எல்லோருடைய தாத்தாவும் ஏற்றியிருக்கிறார்கள். அடுத்த கேள்வி.

வேடந்தாங்கலில் இப்போது பறவை இருக்குமா?

நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம், ஏரியில் தண்ணீர் இருந்தால். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் எல்லாம் கடப்ப மரங்களில் கூடு கட்டியிருக்கும். படாளம் கூட்டுரோடு வரை ஜி.எஸ்.டி. சாலை, அங்கே ஒற்றை வரிசை, பேச்சு வேண்டாம். அதன் பிறகு கிராமத்துச் சாலை. ஏரிக்கு அருகில் மணி அடிக்காதீர்கள், புளூடூத் ஸ்பீக்கர் கொண்டுவருபவரை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் ஊர்க்காரர்கள் தலைமுறையாகக் காத்துவரும் இடம் அது. தீபாவளிக்கே பட்டாசு வெடிக்காதவர்கள்.

அப்படியே உத்திரமேரூரும் பார்க்கலாமா?

குடவோலைக் கல்வெட்டு வேறொரு ஞாயிறு. முதலாம் பராந்தகன் காலத்துத் தேர்தல் விதியைப் படிக்க ஒரு மணி நேரமாவது வேண்டும். பசியோடு படிக்கக் கூடாது.

நண்பர்கள் பைக்கில் வந்து வீடியோ எடுக்கலாமா?

கூடாது.

நெல் மேல் ஏற்றினால் என்ன? மாடும் டிராக்டரும் ஏறுகின்றனவே?

டிராக்டர் வழுக்காது, உங்கள் 25 மில்லிமீட்டர் டயர் வழுக்கும். வைக்கோல் இன்னும் மோசம். மூன்று வருடம் முன்பு நானே அவசரத்தில் வைக்கோல் மேல் விட்டேன். பின் கியரில் கயிறு மாதிரி சுற்றிக்கொண்டு செயின் நின்றுவிட்டது. சாலையோரம் குந்திக்கொண்டு ஒவ்வொரு தாளாக உருவிக்கொண்டிருந்தேன். நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். “அடுத்த தரம் செருப்பைக் கழட்டிட்டு ஏறுப்பா, சோறு அது” என்றார். பிறகு கருக்கரிவாளைக் கொண்டுவந்து மிச்சத்தை அவரே அறுத்துவிட்டார்.

அப்பா சைக்கிள்காரன். 22 பல் போட்டாயிற்று. கடைக்காரர் எதற்கு என்று கேட்டார்.

வாடைக்கு என்று சொல்லியிருக்கலாம். ஞாயிறு காலை 5.30, செங்கல்பட்டு ரயில் நிலையம் எதிரில். இருட்டாக இருக்கும், பின்விளக்கு வேண்டும். டைனமோ வேலை செய்தால் இன்னும் நல்லது, அந்தச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாயிற்று.