கோதுமையும் பெர்பெரிஸும் உறவுத் தாவரங்களா? – பதில்

வணக்கம். கோதுமைத் தண்டிலும் பெர்பெரிஸ் என்னும் முட்புதரின் இலையிலும் ஒரே துருப்பூஞ்சை காணப்படுவதால் அவ்விரண்டையும் உறவுத் தாவரங்களாகக் கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொள்ளக் கூடாது. பக்சீனியா கிராமினிஸ் என்னும் அத்துருப்பூஞ்சை உறவற்ற இரு ஓம்புயிர்களில் (தான் ஒட்டி வாழும் தாவரங்களில்) மாறி மாறி வாழ்ந்தே தன் வாழ்க்கைச் சுழற்சியை முடிக்கிறது என்பதை ஜெர்மானியத் தாவரவியலாளர் டி பேரி 1865-இலேயே நிறுவிவிட்டார். நீங்கள் ஒப்பிட வேண்டியவை, பூஞ்சையின் ஒரே வளர்நிலையைத் தாங்கும் தாவரங்கள். இலையின் அடிப்புறத்தில் மஞ்சள் நிறக் கிண்ணங்களாகத் தோன்றும் ஏசிய நிலை பெர்பெரிஸில் மட்டுமன்றி மஹோனியாவிலும் உண்டாகிறது. இவை மிக நெருங்கிய பேரினங்கள், மஹோனியாவைப் பெர்பெரிஸுடனேயே சேர்த்துவிடுவோரும் உளர். மற்றொரு வளர்நிலையான செங்கல் நிறத் துருக் கொப்புளங்களோ கோதுமை, பார்லி, ஓட்ஸ் எனப் புல் குடும்பத்துக்குள்ளேயே நிற்கின்றன. எனினும் ஒட்டுண்ணிப் பூஞ்சைகள் சில வேளைகளில் அயல் குடும்பத் தாவரத்துக்கும் தாவிவிடும் (வகைப்பாட்டாளரைத் திணற வைப்பது இதுவே). ஆகவே பூஞ்சை ஒற்றுமையைத் துணைச்சான்றாக மட்டும் கொண்டு, டிஎன்ஏ வரிசைகளுடன் ஒப்பிட்ட பின்னரே தாவர உறவைக் காட்டும் கிளைப்படத்தை வரையுங்கள்.