அந்தக் காலை நேரம் யாருடையது?

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்தவள். பட்டம் முடித்த கையோடு தென்கொரியாவில் தேகு நகரத்திலுள்ள ஒரு தனியார் நிலையத்துக்கு ஆங்கிலம் படிப்பிக்கப் போனாள். நாலு மாதமாகிறது. ஒவ்வொரு நாளும் இரவு ஒன்பது மணிக்கு வீடியோவில் கதைக்கிறோம். பத்தரை வரை அழுதபடி கதைக்கிறாள். கூட வேலை செய்பவர்கள் முகம் கொடுத்துக் கதைப்பதில்லையாம். சாப்பாடு ஒத்துவரவில்லையாம். பிள்ளைகள் கையைத் தொட்டுப் பார்த்து ஏன் இந்த நிறம் என்று கேட்கிறார்களாம். கொரியர்கள் வெளியாட்களை ஒட்டவிடமாட்டார்கள் என்று என் அண்ணர் சொல்கிறார். நாங்கள் 1994இல் இங்கே வந்து பட்ட பாட்டை அவளும் படவேண்டுமா? திரும்பி வா என்று சொல்லிவிடட்டுமா?
– ஒரு தாய், ஸ்காபரோ

பதில்: இப்போது சொல்லவேண்டாம், அம்மா. நீங்கள் முதலில் நிறுத்தவேண்டியது அந்த ஒன்பது மணி அழைப்பை.

கணக்கைப் பாருங்கள். கோடையில் உங்களுக்கும் அவளுக்கும் 13 மணி நேர இடைவெளி. உங்கள் இரவு ஒன்பது அவளுக்கு மறுநாள் காலை பத்து. அவள் வேலை செய்வது ஹாக்வோனில். பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிள்ளைகள் போகும் தனியார் வகுப்புக்கு அங்கே அதுதான் பெயர். மதியம் ஒரு மணி, இரண்டு மணிக்கு உள்ளே போகும் ஆசிரியர் வெளியே வர இரவு ஒன்பதாகிவிடும். வங்கி திறந்திருப்பதும், சந்தையில் கிழவிகள் கீரை பரப்பி வைத்திருப்பதும், பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நிற்பதும் அவளுக்கு வாய்க்கும் ஒரே பொழுது காலைதான். அதில் ஒன்றரை மணி நேரத்தை அவள் ஸ்காபரோவில் கழிக்கிறாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்கு ஓடுகிறாள். நாலு மாதமாகத் தேகுவில் இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நானும் இதே வேலை பார்த்தவன். 2009இலிருந்து நாட்டின் தெற்கே சுன்சோன் என்ற சிறிய நகரத்தில் இரண்டு வருடம் இருந்தேன். அந்த வேலையில் உள்ள பெரிய சிக்கல், எல்லாம் தயாராகக் கைக்கு வந்துவிடுவதுதான். விமான டிக்கெட் வேலைக்கு எடுக்கும் நிலையத்தின் பொறுப்பு. ஒற்றை அறை வீடு அவர்கள் பொறுப்பு. வந்து 90 நாளுக்குள் எடுக்கவேண்டிய வெளிநாட்டார் பதிவு அட்டைக்குக்கூட யாராவது கூட்டிக்கொண்டு போவார்கள். படிவத்தை அவர்களே நிரப்புவார்கள், நாம் கையெழுத்து வைத்தால் போதும். ஒரு எழுத்தும் தெரியாமல் ஒரு வருடத்தை ஓட்டிவிடலாம். அப்படி ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். எல்லாரும் உங்கள் மகள் சொல்வதைத்தான் சொன்னார்கள்: யாரும் நம்மோடு கதைப்பதில்லை.

இதையும் யோசியுங்கள். இலங்கையிலிருந்து கொரியத் தொழிற்சாலைகளுக்கு ஈ-9 விசாவில் போகிறார்களே, அந்தப் பையன்கள் கொரிய மொழித் தேர்வில் தேறாமல் விமானம் ஏறமுடியாது. இரும்புப் பட்டறைக்குப் போகிறவன் தெருப்பெயர்ப் பலகையை வாசித்துவிட்டுத்தான் போகிறான். ஆங்கில ஆசிரியருக்கான ஈ-2 விசாவுக்கு பட்டம் வேண்டும், பொலிஸ் சான்றிதழ் வேண்டும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவை என்று கொரிய அரசு வகுத்திருக்கும் ஏழு நாடுகளில் ஒன்றின் குடியுரிமை பொதுவாக வேண்டும். கொரிய எழுத்து ஒன்றுகூடத் தெரிந்திருக்கத் தேவையில்லை. பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் அந்தச் சலுகையை வருடக் கடைசிவரை அனுபவிப்பதை நான் குறையாகத்தான் சொல்வேன்.

எனக்கு அது விளங்கியது குப்பைப் பையால். அங்கே குப்பைக்கு அந்தந்த நகராட்சியின் பையைக் காசு கொடுத்து வாங்கவேண்டும். 1995 முதல் நாடு முழுக்க அதுதான் நடைமுறை. சாப்பாட்டு மிச்சத்தைத் தனியாகப் போடவேண்டும். அதிலும் எலும்பு, முட்டைக்கோது, இறால் கோது போன்றவை சாப்பாட்டு மிச்சத்தில் சேராது, சாதாரணக் குப்பையில் போகவேண்டும். எனக்கு இது ஒன்றும் தெரியாது. கோழிக்கறி வைத்த மறுநாள் காலை, கீழ்வீட்டு ஹல்மோனி, அதாவது பாட்டி, என் கதவைத் தட்டினார். கையில் நான் கட்டிவைத்த பை. அதை அவிழ்த்து ஒரு காலெலும்பை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்து உரத்த குரலில் ஏதோ சொன்னார். ஏச்சு என்று நினைத்து நான் கதவைச் சாத்தினேன். அடுத்த நாள் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பெரிய பெரிய எழுத்தில் இரண்டு வரி.

அந்த இரண்டு வரியை வாசிப்பதற்காகத்தான் நான் எழுத்துப் படித்தேன். ஒரு வாரம் பிடித்தது. அடிப்படை எழுத்து 24தான், மெய் 14, உயிர் 10. செஜோங் மன்னர் 1443இல் உருவாக்கி 1446இல் மக்களுக்கு அறிவித்த எழுத்து. மெய்யையும் உயிரையும் சேர்த்து ஓர் எழுத்தாகக் கட்டுவது தமிழ் படித்தவருக்குப் புதிதல்ல. எழுத்துக்கூட்டி அகராதி பார்த்தபோது தாளில் இருந்தது இதுதான்: ‘கோழி எலும்பு இங்கே. மீன் எலும்பும் இங்கே.’ கீழே சாதாரணக் குப்பைப் பையின் படம் வரைந்து அம்புக்குறி போட்டிருந்தார். ஏச்சு ஒன்றும் இல்லை. அன்று மாலை படியில் கண்டபோது அந்த வரியை வாசித்துக் காட்டினேன். என் கையைப் பிடித்து ‘பாப் மோகொஸ்ஸோயோ?’ என்று கேட்டார். சாப்பிட்டீர்களா என்று அர்த்தம். ஆளைக் கண்டால் நம் ஊரில் முதலில் கேட்கிற கேள்வி எதுவோ அதேதான்.

உங்கள் மகளோடு வேலை செய்பவர்கள் ஏன் கதைப்பதில்லை? அந்தக் கொரிய ஆசிரியர்கள் பல வருடம் ஆங்கில இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவர்கள், அதைப் பேசிப் பழக வாய்ப்புக் குறைந்தவர்கள். கனடாவிலிருந்து வந்தவள் முன்னால் ஒரு வசனம் பிழைத்துவிட்டால் மானம் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. ஆங்கிலம் அங்கே எவ்வளவு பெரிய சுமை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நவம்பரில் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு நடக்கும் நாளில், ஆங்கிலம் கேட்டு விடையெழுதும் பகுதி முடியும்வரை நாடு முழுக்க விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படுகின்றன. அந்தத் தேர்வில் வளர்ந்தவர்கள்தான் உங்கள் மகளின் பக்கத்து மேசையில் இருக்கிறார்கள். பிழைபிழையான கொரிய மொழியில் அவள் முதலில் ஒரு வார்த்தை பேசட்டும். அவள் பிழைவிடுவதைக் கேட்டால்தான் அவர்களுக்கும் வாய் திறக்கும்.

நிறத்தைப் பற்றிய கேள்வியை நான் சமாளித்துப் பேசப்போவதில்லை. அங்கே பாகுபாடு இருக்கிறது. விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்பதும், வெள்ளைக்கார முகத்தைத் தேடும் முதலாளிகள் இருப்பதும் உண்மை. பாகுபாட்டை எல்லா வகையிலும் தடுக்கும் பொதுச் சட்டம் ஒன்றை அந்த நாடு இன்னும் நிறைவேற்றவில்லை. பெரியவர் ஒருவர் அவளை இழிவாகப் பேசினால் அதற்கு முகம் சுளிக்கவும் எதிர்த்துப் பேசவும் அவளுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் எட்டு வயதுப் பிள்ளை கையைத் தொட்டுக் கேட்பதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் முடிந்து, இரண்டாவது ஹாக்வோனுக்கு வந்து, கடையில் வாங்கிய சோற்று உருண்டையைத் தின்றுகொண்டு ஆறு மணிக்கு அவள் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. தன் டீச்சர் யார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறது. வீட்டில் அப்பாவை என்னவென்று கூப்பிடுவாய் என்று அவள் திருப்பிக் கேட்கட்டும். ‘அப்பா’ என்றுதான் பதில் வரும். ‘நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்’ என்று சொன்னால் அந்த வகுப்பு அவளை விடாது. எனக்கு அது நடந்திருக்கிறது.

இந்த ஒற்றுமையை வைத்துக்கொண்டு தமிழும் கொரியமும் ஒரு தாய் பிள்ளைகள் என்று மேடையில் பேசுவோர் உண்டு. மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை, நானும் அந்தப் பேச்சை ஊக்குவிக்கமாட்டேன். ஆனால் ஹோமர் ஹல்பர்ட்டை உங்கள் மகள் தெரிந்துகொள்ளவேண்டும். 1886இல் கொரிய மன்னர் தொடங்கிய ஆங்கிலப் பள்ளிக்கு அமெரிக்காவிலிருந்து போன மூன்று ஆசிரியர்களில் ஒருவர். அப்போது அவருக்கு வயது 23, உங்கள் மகளைவிட ஒன்று குறைவு. போனவர் கொரிய எழுத்தைக் கற்றார். படித்த கொரியர்களே சீன எழுத்தில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், உலகப் புவியியல் பாடநூல் ஒன்றை முழுக்கக் கொரிய எழுத்திலேயே எழுதினார். கொரிய இலக்கணத்தைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு 1905இல் நூல் போட்டார். அதன் முடிவு இன்று நிலைக்கவில்லை. ஆனால் வேலைக்குப் போன இடத்தின் மொழியை இவ்வளவு மதித்த ஆங்கில வாத்தியார் எத்தனை பேர்? 1949இல் 86 வயதில் சியோலுக்குத் திரும்பிப் போய் அங்கேயே இறந்தார். ஹான் ஆற்றங்கரையில் யாங்வாஜின் கல்லறையில் இருக்கிறார்.

சாப்பாடு அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. மீன், இறைச்சி தொடாதவளாக இருந்தால் கஷ்டம்தான், கிம்ச்சியிலேயே பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். இல்லையென்றால், தேகுவில் சோங்சோ தொழிற்பேட்டைப் பக்கம் வெளிநாட்டுத் தொழிலாளர் நிறைய. அவர்களுக்கான கடைகளில் மைசூர்ப் பருப்பும் மிளகாய்த்தூளும் தேடினால் கிடைக்கும். ஒரு சோறு, ஒரு பருப்பு வைக்கத் தெரிந்தால் போதும்.

திரும்பி வரவேண்டிய காரணங்களும் உண்டு. அவை வேறு. நீங்கள் கேட்கவேண்டிய கேள்விகளும் அவைதான்: சம்பளம் சொன்ன தேதியில் வருகிறதா? பாஸ்போர்ட்டும் பதிவு அட்டையும் அவள் கையில் இருக்கின்றனவா? ஓய்வூதியத்துக்குக் கழிக்கும் பணம் உண்மையில் கட்டப்படுகிறதா? என் முதலாளி ஐந்து மாதம் என் சம்பளத்தில் கழித்துக்கொண்டு ஒரு சதமும் கட்டவில்லை. ஓய்வூதிய அலுவலகத்துக்கு நானே போய்ப் பெயரைச் சொல்லிக் கேட்டபோதுதான் தெரிந்தது. அதற்குள் எழுத்துத் தெரிந்திருந்ததால் சம்பளச் சீட்டிலிருந்த வரியை அலுவலரிடம் விரலால் காட்ட முடிந்தது. அடுத்த மாதமே முழுவதும் கட்டினார்கள். அந்தப் பணத்தில் முதலாளியின் பங்கும் சேர்ந்து, கனடாக்காரருக்கு நாட்டைவிட்டுக் கிளம்பும்போது திரும்பக் கிடைக்கும். ஒரு வருடம் முடித்தால் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் விடைபெறும் தொகையாகத் தரவேண்டும், அது சட்டம். சிலர் பதினோராம் மாதத்தில் ஏதாவது சாட்டுச் சொல்லி ஆளை அனுப்பப் பார்ப்பதும் இதனால்தான். குடிவரவுக்கு 1345, தொழில் அமைச்சுக்கு 1350. இந்த இரண்டு எண்ணும் அவள் தொலைபேசியில் இருக்கட்டும்.

மேலே சொன்னவற்றில் ஒன்று பிழைத்திருந்தாலும் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது என் பதில் வேறாக இருக்கும். அவள் நித்திரை இல்லாமல், சாப்பிடாமல் உடைந்துபோகிறாள் என்றாலும் ஒப்பந்தம் எதுவும் பெரிதில்லை, கூப்பிட்டுவிடுங்கள். வெறும் தனிமைதான் என்றால், ஒப்பந்தத்தை ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு முன் கிளம்பினால் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்கும் நிபந்தனை பலவற்றில் உண்டு.

1994ஐ எழுதியிருந்தீர்கள். யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுக்க வழியே இல்லாத காலம் அது. அந்தப் பாட்டை யாரும் படக்கூடாது, உங்கள் மகளும்தான். ஆனால் அழைக்க முடியாத இரவுகளில் நீங்கள் பக்கத்துக் கதவைத் தட்டியிருப்பீர்கள். அவள் அதை ஒரு தடவையாவது தட்டிப் பார்க்க அவளுக்குக் காலை வேண்டும்.

இனிமேல் சனிக்கிழமை மட்டும், உங்கள் காலை ஒன்பது மணிக்கு எடுங்கள். அவளுக்கு அப்போது இரவு பத்து. அவள் யன்னலுக்கு நேரே ஏதாவது ஒரு கடைப் பலகை வெளிச்சம் போட்டிருக்கும். கமெராவை அந்தப் பக்கம் திருப்பி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.