விக்டோரியா காலத்து ஆங்கிலேயர்கள் விருந்துக்கு ஆள் கூப்பிட்டு எகிப்திய மம்மியை (பதப்படுத்தித் துணி சுற்றிய பழங்காலச் சடலத்தை) பிரித்துப் பார்த்தார்கள் என்பது உண்மையா?

பிரித்துப் பார்த்தது உண்மை. ஆனால் சாப்பாடு முடிந்ததும் வீட்டுக் கூடத்தில் கேளிக்கையாகப் பிரிப்பது பரவலான வழக்கம் என்பது மிகை. பெரும்பாலும் மருத்துவமனைகளிலும் அறிவுச் சங்கங்களின் அரங்குகளிலும்தான் நடந்தது. ஒருவர் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டே துணிச்சுற்றுகளை அவிழ்ப்பார், கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதில் பேர்போனவர் தாமஸ் பெட்டிக்ரூ என்ற அறுவை மருத்துவர். விக்டோரியா அரியணை ஏறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1833இல், லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் தொடங்கிவிட்டார். 1834 ஜனவரியில் அறுவை மருத்துவர்களின் ராயல் கல்லூரியில் அவர் ஒரு மம்மியைப் பிரித்தபோது, இடமில்லாமல் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமை மதகுருவான கேன்டர்பரி பேராயரே திரும்பிப் போக வேண்டியிருந்தது. நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பும், 1822இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் பண்டைய எகிப்திய எழுத்தைப் படித்துக்காட்டியதும் மூட்டிவிட்ட ஆர்வம் அது. பைபிளில் படித்த எகிப்தைக் கண்ணால் பார்க்கும் ஆசையும் சேர்ந்துகொண்டது.

வீட்டில் நடந்ததற்கும் சான்று உண்டு. லண்டஸ்பரோ பிரபு 1850 ஜூனில் பிக்காடிலியிலிருந்த தன் வீட்டுக்கு அழைப்பிதழே அச்சடித்தார். எகிப்தின் தீப்ஸ் நகரிலிருந்து வந்த மம்மி இரண்டரை மணிக்குப் பிரிக்கப்படும் என்று அதில் இருந்தது. இரவு விருந்து அல்ல, பிற்பகல்.

என்னை விடாமல் உறுத்துவது பத்தாவது ஹாமில்டன் பிரபுவின் கதைதான். தான் இறந்தபின் எகிப்திய முறையில் பதப்படுத்த வேண்டும் என்று அவர் விரும்பினார். 1852இல் அவர் இறந்ததும் பெட்டிக்ரூவே அதைச் செய்து முடித்தார். ஸ்காட்லாந்தில், எகிப்திலிருந்து வந்த பழங்காலக் கல் பேழை ஒன்றில் அவரை வைத்தார்கள். ஒரு பிரபுவின் கடைசி ஆசைக்கு அவ்வளவு மரியாதை. மறுமை வாழ்வுக்கு உடல் குலையாமல் இருக்க வேண்டும் என்று நம்பிக் கிடத்தப்பட்ட எகிப்தியர்களின் ஆசையும் அதேதானே? அவர்கள் உடல்களின் சுற்றுகளை அவிழ்த்தவையும் அதே கைகள்தான். எனக்கு இது மன்னிக்க முடியாத பாகுபாடாகவே படுகிறது.

பூனைகளின் கதி இன்னும் மோசம். 1890இல் லிவர்பூலுக்கு வந்திறங்கிய சுமார் 19 டன் பூனை மம்மிகள் உரத்துக்காக ஏலம் போயின.

"அறிவியலுக்காகத்தானே செய்தார்கள்?" என்று கேட்பீர்கள். ஓரளவு சரி. மான்செஸ்டரில் எகிப்தியல் அறிஞர் மார்கரெட் மர்ரே 1908இல் செய்த மம்மி ஆய்வு உண்மையிலேயே முறையானது. மருத்துவர், வேதியியலாளர் எனப் பலரும் அதில் சேர்ந்து உழைத்தார்கள். அங்கேயும், சுற்றியிருந்த துணியில் ஒரு துண்டு வேண்டுவோர் பெயரும் முகவரியும் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பார்வையாளர்களிடம் சொன்னார்கள்.