துடைக்கும்போது வெடித்தது என்று சொல்லாதீர்கள்

கேள்வி: தாளவாடிப் பக்கம் தோட்டம். பயிர்ப் பாதுகாப்புக்காகத் தாத்தா காலத்திலிருந்து துப்பாக்கி லைசென்ஸ் உண்டு. 12 போர் இரட்டைக் குழல். இரவுக் காவலுக்குத் தோட்டா போட்டுத் திண்ணையில் சாத்தியிருந்தேன். ஊரிலிருந்து வந்த மச்சான் கையில் எடுத்துப் பார்க்கும்போது வெடித்து, வேலையாளின் முழங்காலுக்குக் கீழே ரவை பாய்ந்துவிட்டது. வரப்புத் தகராறில் இருக்கும் பக்கத்துத் தோட்டக்காரர்தான் தூண்டிவிட்டு வழக்குப் போட வைத்தார். எஃப்.ஐ.ஆரில் என் பெயர் மட்டும் இருக்கிறது. தம்பி பெயரில் பழைய துப்பாக்கி ஒன்றும் வீட்டில் இருக்கிறது. நான் துடைக்கும்போது வெடித்ததாகச் சொல்லி மச்சானைக் காப்பாற்றலாமா?

பதில்: வரப்புத் தகராறை விடுங்கள். யார் தூண்டியிருந்தாலும் வேலையாளின் காலில் ரவை இருக்கிறது. தாத்தா காலத்து லைசென்ஸ் என்பதும் உதவாது. நீதிமன்றம் கேட்கப்போவது ஒன்றுதான்: தோட்டா போட்ட துப்பாக்கி லைசென்ஸ் இல்லாதவர் கைக்கு எப்படிப் போனது?

"தற்செயலாக நடந்தது" என்ற பாதுகாப்பு இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 18-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் அது உரிய கவனத்தோடும் எச்சரிக்கையோடும் நடந்துகொண்டவருக்கு மட்டும். அதை நிரூபிக்க வேண்டியதும் நீங்கள்தான். மனைவியின் காதலனைச் சுட்டது தற்செயல் என்று கடற்படை அதிகாரி நானாவதி வாதாடிய வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. தோட்டாவோடு திண்ணையில் சாத்தி வைத்தவருக்கு அந்தக் கதவு திறக்காது. எனவே 125-ஆம் பிரிவை, அதாவது கவனக்குறைவால் பிறரைக் காயப்படுத்திய குற்றத்தை, எதிர்பாருங்கள். எலும்பு முறிந்திருந்தாலோ, 15 நாள் அவர் தன் வேலையைப் பார்க்க முடியாமல் கிடந்தாலோ அது கொடுங்காயம். மூன்று ஆண்டு வரை சிறை. கூடவே ஆயுதச் சட்டம் 30-ஆம் பிரிவு, லைசென்ஸ் நிபந்தனையை மீறியதற்கு.

இப்போது நீங்கள் கேட்ட பொய்க்கு வருகிறேன். இப்படிப்பட்ட வழக்குகளில் ஆட்கள் கெட்டுப்போவது வெடித்ததால் அல்ல, வெடித்த பிறகு பேசியதால்.

உங்களுடையது போன்ற மடக்குத் துப்பாக்கியைத் துடைக்க வேண்டுமென்றால் குழலை மடக்கித் திறந்தாக வேண்டும். திறந்தால் இரண்டு தோட்டாவின் பித்தளை அடியும் கண்ணெதிரே தெரியும். தோட்டா இருக்கும் குழலுக்குள் துடைப்புக் கோலை முழுதாக ஓட்டவும் முடியாது. ஆக, துடைக்கும்போது வெடித்தது என்றால் திறந்து பார்க்காமலே துடைத்தேன் என்று பொருள். அதுவே கவனக்குறைவுக்கு ஒப்புதல். "விசையைத் தொடவே இல்லை, தானாக வெடித்தது" என்பதும் நிற்காது. தடய அறிவியல் துறையில் விசையை இழுக்க எவ்வளவு எடை வேண்டும் என்று அளந்து பார்ப்பார்கள், தட்டியும் பார்ப்பார்கள். ஏறக்குறைய இரண்டு கிலோ இழுத்தால்தான் குதிரை (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி) விழுகிறது, தட்டினால் விழவில்லை என்று அறிக்கை வந்தால் உங்கள் வாக்குமூலம் அன்றோடு முடிந்தது. ரவை பரவிய அகலம் எவ்வளவு தூரத்திலிருந்து சுடப்பட்டது என்று சொல்லிவிடும். இதற்கெல்லாம் முன்னால், காயம்பட்டவர் மருத்துவரிடம் முதலில் சொன்னது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் ஏறியிருக்கும். அதன் நகலைப் பார்க்காமல் ஒரு வார்த்தை பேசாதீர்கள்.

குற்றம் செய்தவரைக் காப்பாற்றப் பொய்த் தகவல் கொடுப்பது சன்ஹிதாவின் 238-ஆம் பிரிவில் தனிக் குற்றம். அதைவிட மோசம், அந்தப் பொய் மச்சானையும் காப்பாற்றாது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் ஆயுதச் சட்டம் 25(1பி)(ஏ) பிரிவில் குறைந்தது இரண்டு ஆண்டு. உரிமையாளர் பக்கத்தில் நிற்கும்போது சில நொடி கையில் எடுத்துப் பார்த்தது சட்டம் சொல்லும் உடைமை ஆகாது என்று வாதாட அவருக்கு இடம் இருக்கிறது. உண்மை மறைக்கப்பட்டு, பிறகு வெளியே வந்தால் அந்த வாதத்தை யாரும் நம்பமாட்டார்கள். பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. மாற்றிப் பேச இல்லை.

இன்னொரு பள்ளம்: ஏன் தோட்டா போட்டு வைத்தீர்கள் என்று கேட்டால், "பன்றி வந்தால் சுட" என்பார்கள் நம் ஆட்கள். அனுமதியில்லாமல் காட்டுப் பன்றியைச் சுடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை. காயத்துக்கு வந்த வழக்கில் வனத்துறையையும் நீங்களே அழைத்துவிடுவீர்கள். சத்தம் போட்டு விரட்டத்தான் என்றால், குழலில் பெரிய ரவை அடைத்த எல்.ஜி. தோட்டா எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். வாங்கிய தோட்டா, மிச்சம், காலி உறை மூன்றும் லைசென்ஸ் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று இன்றே எண்ணுங்கள். கலெக்டரிடமிருந்து லைசென்ஸை நிறுத்தவோ ரத்து செய்யவோ ஆயுதச் சட்டம் 17-ஆம் பிரிவு நோட்டீஸ் வந்தால் உணர்ச்சிவசப்பட்டுப் பதில் எழுதாதீர்கள். அந்தக் கடிதம் குற்ற வழக்கிலும் வந்து நிற்கும்.

என் யோசனை: வேலையாளோடு சமரசம் செய்யுங்கள், சீக்கிரம். பாதிக்கப்பட்டவர் அவர்தான், கூலி போய்க் கிடக்கிறார். ஆஸ்பத்திரிச் செலவை நேரடியாகக் கட்டுங்கள். மீதித் தொகையை வங்கி வழியாகக் கொடுங்கள். 125-ஐ நீதிமன்ற அனுமதியோடு சமரசத்தில் முடிக்கலாம். பஞ்சாயத்தில் வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்காதீர்கள். "தவறி விழுந்தேன்" என்று சொல்லச் சொல்லி அவரையும் பொய்யில் இழுக்காதீர்கள். ஆயுதச் சட்ட வழக்கு சமரசத்தில் கரையாது, ஆனால் காயம்பட்டவரின் மனக்குறை தீர்ந்திருப்பது தண்டனையின் அளவில் தெரியும்.

தம்பி பெயரில் இன்னொரு துப்பாக்கி வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குதிரை வெளியே தெரியும் பழைய வகை என்கிறீர்கள், அதனால் கூடுதல் கவனம் தேவை. அதில் ஏற்றிய குதிரையைக் கட்டைவிரலால் இறக்கும்போது வியர்வையில் வழுக்கினால் வெடிக்கும். குழலை மடக்கித் தோட்டாவை எடுத்த பிறகே இறக்க வேண்டும். குதிரை உள்ளே இருக்கும் வகையிலும் பூட்டுப் பொத்தானை நம்பாதீர்கள். பெரும்பாலானவற்றில் அது விசையை மட்டும்தான் தடுக்கும், கீழே விழுந்து அடிபட்டால் உள்ளிருக்கும் கொக்கி நழுவலாம். கையை விட்டு இறக்கும் ஒவ்வொரு முறையும் குழல் திறந்திருக்கட்டும், தோட்டா இருக்கும் இரண்டு அறையிலும் விரலை விட்டுப் பாருங்கள். லைசென்ஸ் உள்ளவரிடமே கொடுத்தாலும் திறந்த நிலையில் கொடுங்கள். தோட்டா வேறு அலமாரியில், வேறு சாவியில். தம்பியை இன்று ராத்திரியே இதைச் செய்யச் சொல்லுங்கள்.