கட்டைவிரல் எந்தப் பக்கம்?

வணக்கம் ஐயா,

பிசியோதெரபி முதலாண்டு படிக்கிறேன். உடற்கூறியலில் முதல் பாடத்திலேயே திணறுகிறேன். கட்டைவிரல் வெளிப்பக்கம் இருக்கிறது என்கிறார்கள். கையைத் தொங்கவிட்டு நின்றால் அது முன்னால் இருக்கிறது. மேசைமேல் கையைக் கவிழ்த்து வைத்தால் உள்பக்கம் வந்துவிடுகிறது. சிடி ஸ்கேன் படத்திலோ கல்லீரல் இடப்பக்கம் தெரிகிறது. மேல், கீழ், உள், வெளி என்று சாதாரணமாகப் பேசினால் போதாதா? இத்தனை சொற்களை மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

ஒரு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

போதாது. மல்லாந்து கிடப்பவரின் நெஞ்சுக்கு 'மேலே' காயம் என்று எழுதினால், அது கழுத்துப் பக்கமா, கூரையைப் பார்க்கும் தோலிலா? எழுதியவர் ஒன்று நினைப்பார், கத்தி பிடிப்பவர் இன்னொன்று நினைப்பார். அதற்காகத்தான் எல்லோருக்கும் பொதுவாக ஒரு உடலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நிமிர்ந்து, முகமும் பாதங்களும் முன்னோக்கி, கைகள் பக்கவாட்டில் தொங்க, உள்ளங்கைகள் முன்னே பார்க்க நிற்கும் உடல். நோயாளி எப்படிச் சுருண்டு கிடந்தாலும் பேச்செல்லாம் அந்த உடலை வைத்துத்தான். ஆகவே மேசைமேல் கவிழ்ந்து கிடந்தாலும் உங்கள் கட்டைவிரல் வெளிப்பக்கம், அதாவது லேட்டரல்தான்.

யாரும் அப்படி உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நிற்பதில்லையே என்று கேட்கலாம். முன்கையில் இரண்டு எலும்புகள்: கட்டைவிரல் பக்கம் ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் அல்னா. உள்ளங்கை முன்னே பார்க்கும்போது இரண்டும் அருகருகே இணையாக நிற்கும். கையைக் கவிழ்த்தால் ரேடியஸ் அல்னாவின் குறுக்கே புரண்டு படுத்துவிடும். மறு கையால் முன்கையைப் பற்றிக்கொண்டு உள்ளங்கையைத் திருப்பிப் பாருங்கள், திரும்புவது மணிக்கட்டு மட்டும் அல்ல என்று தெரியும். எலும்புகள் பின்னிக் கிடக்கும் நிலையை அளவுகோலாக வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். இப்படிக் கவிழ்ப்பது ப்ரொனேஷன், மலர்த்துவது சூப்பினேஷன். குப்புறப் படுப்பதை ப்ரோன் என்றும் மல்லாந்து படுப்பதை சூப்பைன் என்றும் சொல்வது இதன் உறவுதான்.

கல்லீரல் சங்கதி எளிது. சிடி ஸ்கேன் காட்டும் குறுக்குவெட்டை, மல்லாந்திருப்பவரின் கால்மாட்டில் நின்று பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வலப்பக்கம் உங்களுக்கு இடப்பக்கமாகத்தானே இருக்கும்? வலது இடது இரண்டும் உடலுக்கு உரியவருடையவை, பார்ப்பவருடையவை அல்ல.

உடலை இப்படி வெட்டுவதாகக் கற்பனை செய்யும் பரப்புகளைத் தளங்கள் என்பார்கள். மற்றத் தளங்களில் சஜிட்டல் உடலை வலது இடதாகப் பிரிக்கும், கொரோனல் முன் பின்னாக. லத்தீனில் முதலாவது அம்பையும் இரண்டாவது கிரீடத்தையும் குறிக்கும் சொற்களிலிருந்து வந்தவை. உறுப்புகள் இருக்கும் உடற்குழிகளைப் பற்றி ஒன்றே ஒன்று: குழி என்றதும் வெற்றிடம் என்று நினைத்துவிடாதீர்கள், உள்ளே உறுப்புகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசை சுவராக நிற்கிறது. வயிற்றுக்குழிக்கும் இடுப்புக்குழிக்கும் நடுவே சுவரே கிடையாது, பெயர்தான் இரண்டு.

அசைவுகளில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இடுப்பை மடக்கினால் தொடை முன்னே வரும், முழங்காலை மடக்கினால் கால் பின்னே போகும், இரண்டும் ஃப்ளெக்ஷன்தான். கருவில் வளரும்போது கைகள் வெளிப்பக்கமாகவும் கால்கள் உள்பக்கமாகவும் சுழன்றுவிட்டன. முழங்கை முன்னாலும் முழங்கால் பின்னாலும் மடிவது அதனால்தான்.

மனப்பாடமா? எனக்கு அது சரிப்பட்டு வந்ததில்லை. எழுந்து நின்று செய்து பாருங்கள். கையை உடலிலிருந்து விலக்கினால் அப்டக்ஷன், ஒட்டினால் அடக்ஷன். இதுவரை சரி. விரல்களுக்கு வரும்போது உடலின் நடுக்கோட்டை விட்டுவிட வேண்டும். கையில் நடுவிரல்தான் மையம், காலில் இரண்டாம் விரல். அப்புறம், கால் பெருவிரலை மறு காலை நோக்கி நகர்த்துங்கள். உடலின் நடுவை நெருங்குகிறது, ஆனால் இரண்டாம் விரலை விட்டு விலகுகிறது. அதனால் அது அப்டக்ஷன். பெருவிரல் நகர மறுத்தால் கவலை வேண்டாம், பலருக்கும் அப்படித்தான்.