செயற்கை மகரந்தச் சேர்க்கைக்கு வாங்கும் மகரந்தத்தில் பூஞ்சை இருக்குமா? முளைப்புத்திறன் சான்று இருந்தால் போதாதா?

போதாது. அந்தச் சான்று மகரந்தம் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், புட்டி ஏற்கெனவே வந்து ஃப்ரீசரில் இருக்கிறது, பூ மலரும் நேரமும் நெருங்கிவிட்டது என்று நினைக்கிறேன். பதற வேண்டாம். மகரந்தத்தில் பூஞ்சை இருப்பது அபூர்வமே இல்லை. திறந்தவெளியில் பூக்கும் பூவில் காற்றிலிருக்கும் பூஞ்சை வித்துகள் படியத்தான் செய்யும். எந்தப் பூஞ்சை, எவ்வளவு என்பதுதான் விஷயம்.

நான் மகரந்தம் பிரித்து விற்கும் ஓர் இடத்தில் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். முளைப்புச் சோதனைதான் என் வேலை. சர்க்கரையும் போரிக் அமிலமும் கலந்த துளியில் மகரந்தத்தைத் தூவி, சில மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் எண்ணுவோம். மகரந்த மணியிலிருந்து கிளம்பும் குழல், அந்த மணியின் விட்டத்தைவிட நீண்டிருந்தால் முளைத்ததாகக் கணக்கு.

ஒருமுறை பேரி மகரந்தம் வந்தது. முளைப்பு நன்றாகவே இருந்தது, எண்ணிக்கையை எழுதிவிட்டேன். வழக்கமாக ஸ்லைடைக் கழுவப் போட்டுவிடுவோம். அன்று ஈரத்தாள் விரித்த பெட்டியிலேயே வைத்திருந்து, மறுநாள் காலையில் மறுபடி பார்த்தேன். மகரந்தக் குழல் மணியின் துளையிலிருந்து ஒற்றையாக, வழவழப்பாகக் கிளம்பும். அந்தக் குழல்களுக்கு நடுவே அவற்றைவிட மெல்லிய இழைகள் ஓடியிருந்தன. இடையிடையே குறுக்குச் சுவர், கிளைக்கு மேல் கிளை. சில இழைகள் முளைக்காத மணிகளைச் சுற்றிப் பின்னிக்கொண்டிருந்தன.

அதே புட்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து உருளைக்கிழங்கு அகார் தட்டுகளில், அதாவது பூஞ்சை வளர்த்துப் பார்க்கும் ஊட்டக்கூழ்த் தட்டுகளில், தூவி வைத்தேன். சில நாளில் ஆலிவ் பச்சையில் வெல்வெட் போலக் கிளாடோஸ்போரியம், கரும்பழுப்பில் ஆல்டர்நேரியா, நீலப்பச்சையில் பெனிசிலியம். இவை எந்தத் தோட்டத்துக் காற்றிலும் கிடைப்பவைதான். ஆனால் ஒரு தட்டில் சாம்பல் நிறத்தில் பஞ்சாகப் படர்ந்து, அப்புறம் தட்டோடு ஒட்டிய கறுப்புக் கட்டிகள் தோன்றின. போட்ரைட்டிஸ் சினீரியா. பூவையும் பழத்தையும் அழுக வைக்கும் சாம்பல் பூஞ்சை.

மேலதிகாரிகளிடம் சொன்னேன். "வாங்குகிறவர் முளைப்புச் சதவீதம்தானே கேட்டிருக்கிறார்" என்றார்கள். புட்டிகள் போய்விட்டன. பிறகு அதை வாங்கிய ஒரு தோட்டத்தில் பூ கருகியதாகப் புகார் வந்தது. அந்தப் புட்டிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பூக்கும் நேரத்தில் அங்கே மழையும் பெய்திருந்தது. தெரிந்த ஒன்றை வாங்குகிறவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கழுத்து வலிக்கக் குனிந்து எண்ணுவது ஒருவர், அறிக்கையில் கையெழுத்துப் போடுவது அந்த ஸ்லைடைப் பார்க்காத இன்னொருவர். எண்ணியவர் பெயர் எங்கேயும் வராது. "வேறு ஏதோ வளர்கிறது" என்று எழுத அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. குறிப்புக்கு ஓர் இடம் விடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன், படிவத்தை மாற்ற முடியாது என்று முடித்துவிட்டார்கள். இது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "காற்றிலேயே இத்தனை வித்து இருக்கிறது, புட்டியில் இருப்பது என்ன பெரிது?" என்று சிலர் கேட்பார்கள். காற்றில் வருவது எங்கே வேண்டுமானாலும் விழும். நாம் தூவுவது நேராகச் சூல்முடியில் போய் உட்காருகிறது. அதுவும் தனியாக இல்லை, தீனியோடு. மகரந்தம் ஈரம் பட்டதும் சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் கசியவிடும். மகரந்தம் போட்ரைட்டிஸ் தாக்குதலைத் தூண்டுகிறது என்பது 1968-லேயே ஆய்வுக் கட்டுரையாக வந்துவிட்டது. புளூபெரியில் மோனிலினியா என்ற பூஞ்சையின் ஒரு வகை, மகரந்தக் குழல் இறங்கும் அதே சூல்தண்டு வழியாக இறங்கிச் சூலகத்தைப் பிடிக்கிறது. ஆல்டர்நேரியாவையும் சாதாரணம் என்று முழுதாகத் தள்ளிவிட முடியாது. அடிப்பக்கம் திறந்திருக்கும் ஆப்பிள் ரகங்களில் அதுதான் பூ வழியாகப் போய் விதையறையில் பூஞ்சை பிடிக்க வைக்கிறது. வெளியே பழம் பளபளவென்று இருக்கும்.

கண்முன் உதாரணம் வேண்டுமென்றால் பேரீச்சை. மௌகினியெல்லா என்ற பூஞ்சை பாளையை உள்ளேயே அழுகவைக்கும். விரியாத பாளையின் மேல் துருப்பிடித்த மாதிரி பழுப்புத் தடம் தெரியும். நோய் பிடித்த ஆண் பாளையிலிருந்து மகரந்தம் எடுத்துப் பெண் மரத்தில் வைத்தால், நோயை நாமே கையால் கொண்டுபோய்க் கொடுத்த மாதிரிதான்.

நியூசிலாந்தில் 2010 நவம்பரில் கிவிப் பழத் தோட்டங்களைத் தாக்கிய பிஎஸ்ஏ என்பது பூஞ்சை இல்லை, நோய் உண்டாக்கும் ஒரு பாக்டீரியா. ஆனால் இறக்குமதி மகரந்தத்தோடுதான் வந்தது என்று விவசாயிகள் அரசின் மேல் வழக்குப் போட்டார்கள். 2018-இல் உயர் நீதிமன்றம் அரசின் கவனக்குறைவு என்றது, 2020-இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாறியது. மகரந்தப் புட்டியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு அந்த வழக்கே போதும்.

சிக்கல் என்னவென்றால், மகரந்தத்தை உயிரோடு வைக்கும் உலர்த்தலும் ஃப்ரீசரும் பூஞ்சை வித்தையும் உயிரோடு வைக்கும். சூடு காட்டினால் மகரந்தம் செத்துவிடும். பூஞ்சைக்கொல்லி கலக்கலாமா என்று கேட்பார்கள். கேப்டான் போன்றவை மகரந்தம் முளைப்பதையே தடுக்கும். ஆகவே சுத்தம் பூ பறிக்கும்போதே தொடங்க வேண்டும். மொட்டு உப்பி, இதழ் விரியாத நிலையில், பனி காய்ந்த பிறகு பறித்த பூவா? மூட்டையில் அமுக்கிப் புழுங்க விட்டார்களா? பொடியில் இதழ்த் துணுக்கும் மகரந்தத்தாள் துண்டும் கலந்திருந்தால் சலிப்பு சரியில்லை. ஈரமும் பூஞ்சையும் அதில்தான் தங்கும். தேனீயின் காலிலிருந்து எடுத்த உருண்டையாக இருந்தால் நான் வாங்கவே மாட்டேன். தேனில் நனைந்தது, முளைப்பும் சீக்கிரம் விழுந்துவிடும்.

மகரந்தமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆண் கொடி போதாத கிவித் தோட்டத்தில் அது இல்லாமல் காய் திரளாது. விற்றவரிடம் அந்தத் தொகுதியின் அகார் தட்டு முடிவைக் கேளுங்கள். இல்லை என்றால் ஒரு சிட்டிகையைத் தனியே எடுத்து, தாவர நோய்ப் பரிசோதனைக் கூடத்தில் இப்போதே கொடுத்துவிடுங்கள். வளர்ந்து தெரிய ஒரு வாரமாவது வேண்டும். சாம்பல் பஞ்சு வந்தால், பூக்கும் நேரம் மழைக்காலமாகவும் இருந்தால், அந்தப் புட்டியை நான் தொட மாட்டேன். சுத்தமாக இருந்தால் ஃப்ரீசரிலிருந்து எடுத்து, மூடியைத் திறக்காமலே அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். குளிர்ந்த புட்டியைத் திறந்தால் உள்ளே நீர் கோர்த்துவிடும். பனி உலர்ந்த பிறகு, முடிந்தவரை உலர் தூவலாகவே போடுங்கள்.