தோலில் உருவம் பதித்தல்: திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகள்

உப்புவெளியிலிருந்து ஒருவர்: சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் சாவிப் பட்டைகளில் இங்குள்ள கோட்டையில் திரியும் மானின் உருவத்தைப் பதிக்கிறேன். இரண்டே நாளில் அது மங்கிவிடுகிறது. என் அச்சில் குறையா?

அச்சை விட்டுவிட்டுத் தோலைப் பாருங்கள். வெட்டிய ஓரத்தின் நடுப்பகுதி நீலச்சாம்பலாக இருந்தால் அது குரோமியத்தால் பதனிட்ட தோல்; எவ்வளவு அடித்தாலும் அதன் நார்கள் பழைய நிலைக்கு எழும்பிவிடும். ஆவாரம்பட்டை போன்ற தாவரத் துவர்ப்பொருளால் பதனிட்ட தோலோ, ஈரத்தில் இளகி, அழுத்திய வடிவத்திலேயே காய்ந்து இறுகும். சாயமிட்ட தோலில் ஓரத்தின் நிறம் ஏமாற்றக்கூடும் என்பதால், ஒரு சிறு துண்டைக் கொதிநீரில் போட்டுப் பாருங்கள்: தாவரப் பதனீட்டுத் தோல் சுருண்டுவிடும், மற்றது பெரும்பாலும் அப்படியே கிடக்கும்.

நிலாவெளியிலிருந்து: தோலை எவ்வளவு நனைக்க வேண்டும்?

இந்த வேலையில் பாதி இதுதான். பஞ்சால் சீராக நனைத்து, பிளாஸ்ரிக் பையில் சுற்றி ஓரிரவு வைத்தால் ஈரம் உட்புறம் வரை பரவும். மறுநாள் வெளியே எடுத்து, மேற்பரப்பு பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கியும் கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சியாகவே இருக்கும் பதத்தில் அடிக்க வேண்டும். அடித்த இடம் சற்றுக் கருமையாகப் பளபளத்தால் பதம் சரி. நீர் கசிந்தால் ஈரம் அதிகம், தடம் வெளிறி ஆழமின்றி இருந்தால் குறைவு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தோல் கைக்குள்ளேயே காய்ந்துவிடும் என்பதால், வேலை செய்யாத பகுதியை ஈரத்துணியால் மூடி வையுங்கள். மாரியிலோ பையை மறந்து நாட்கணக்கில் விட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

சாம்பல்தீவிலிருந்து: பதித்த பட்டியில் கரும்புள்ளிகள் தோன்றியுள்ளன. போக்க முடியுமா?

அது இரும்புக் கறை. ஈரத்தோலிலுள்ள துவர்ப்பொருள் இரும்பைத் தொட்டால் மை போலக் கறுக்கும். நானே ஒருமுறை இரும்புத் தட்டில் நனைத்து ஒரு முழுப் பட்டியைக் கெடுத்திருக்கிறேன். தேசிக்காய்ச் சாற்றை நீரில் கலந்து, புள்ளியில் மட்டுமன்றி முழுப் பரப்பிலும் தடவி, நல்ல நீரால் துடைத்தெடுங்கள்.

மூதூரிலிருந்து: தாமரை இதழ் புடைத்து நிற்க என்ன வழி?

இதழின் வரைகோட்டை, தோலின் தடிப்பில் பாதிக்கு மிகாமல் கத்தியால் கீறி, வெளிப்புறத்தைக் கொட்டாப்புளியும் சாய்முனை அச்சும் கொண்டு தாழ்த்துங்கள். அடியில் கருங்கற் பலகை இருக்கட்டும். மரப்பலகை அடியின் வலுவை வாங்கிவிடும். இதழைப் பின்புறமிருந்து உருண்டை முனைக் கருவியால் தள்ளி, அந்தக் குழியில் தோல் துகளும் பசையும் பிசைந்து நிரப்பி உள்தோல் ஒட்டினால் புடைப்பு அமுங்காது. இதற்கு மிக மெல்லிய தோல் உதவாது.

கிண்ணியாவிலிருந்து: பழைய மேளத்தோல் பயன்படுமா?

பயன்படாது. அது பதனிடாத பச்சைத்தோல்.

மீண்டும் உப்புவெளி அன்பர்: விரைவாகக் காயத் தகரக் கூரையில் வைக்கலாமா?

வேண்டாம். ஈரமான தாவரப் பதனீட்டுத் தோல் சுமார் 70 பாகை செல்சியசிலேயே சுருங்கத் தொடங்கிவிடும். மான் உருவமும் கோணிப்போகும். காற்றோட்டமான நிழலில் முழுவதும் காயவிட்டு, பிறகு சாயம் தீட்டி, கடைசியில் மெல்லியதாக எண்ணெய் தடவுங்கள்.